நாய், பூனைக்கு இன்சூரன்ஸ்: எதை எடுப்பது, எப்போது மாற்றுவது

எங்கள் மணிக்கு இரண்டு வயது இருக்கும்போது வருடாந்திரத் தடுப்பூசிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மணி ஒரு காக்கர் ஸ்பானியல், காது இரண்டும் வாழை இலை மாதிரித் தொங்கும். ஊசி போட்டு முடித்து, கிளம்புகிற நேரத்தில் பேச்சுவாக்கில், "இவன் அப்பப்போ வலது காதைச் சொறியறான் டாக்டர்" என்றேன். அவர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, லேசாக அழுக்கு இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். மருந்து இல்லை, தனியாக பில் இல்லை. நானும் மறந்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து பிரீமியம் ஏறிவிட்டதே என்று வேறு கம்பெனிக்கு மாறினேன். மாறிய நாலாவது மாதம் மணிக்கு அதே காதில் சீழ் வைத்து, மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்து, மருந்தும் சேர்த்து 640 பவுண்ட் பில். க்ளைம் போட்டேன். புதுக் கம்பெனி, மணி பிறந்ததிலிருந்து இருக்கும் மருத்துவக் குறிப்பு முழுவதையும் க்ளினிக்கிலிருந்து வாங்கிப் படித்துவிட்டு, அந்த ஒரு வரியை மேற்கோள் காட்டித் திருப்பி அனுப்பியது. "வலது காதைச் சொறிகிறது, லேசான அழுக்கு, கவனிக்கவும்." ஆக இது ஏற்கனவே இருந்த நோயாம்.

செல்லப்பிராணி இன்சூரன்ஸைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வரி போதும். நாம் நாயை இன்சூர் செய்கிறோம் என்று நினைக்கிறோம். கம்பெனி இன்சூர் செய்வது அந்த நாயின் குறிப்பில் இன்னும் எழுதப்படாத நோய்களை மட்டும்தான். குறிப்பு வெறுமையாக இருக்கும்வரை எல்லாக் கம்பெனியும் நம்மை வா வா என்கும், ஒவ்வொரு வரி ஏற ஏற வெளியே போகும் கதவு ஒவ்வொன்றாக மூடும். கார் இன்சூரன்ஸ் மாதிரி வருடா வருடம் மலிவானதுக்குத் தாவலாம் என்ற பழக்கத்தை இங்கே கொண்டுவந்ததுதான் நான் செய்த தப்பு.

நான் இருப்பது லண்டனில், கிழக்குப் பக்கம். அதனால் இங்கே சொல்வதெல்லாம் பிரிட்டன் நடைமுறை. மனிதர்களுக்கு என்.ஹெச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை இருக்கிறது, ஆஸ்பத்திரியில் பர்ஸை வெளியே எடுக்கவே வேண்டியதில்லை என்று பழகிப்போன ஊரில், நாய்க்கும் பூனைக்கும் அப்படி ஒன்றும் கிடையாது என்பது முதல் பெரிய பில் வரும்போதுதான் உறைக்கிறது. அரசு உதவித்தொகையில் இருப்பவர்களுக்கு பி.டி.எஸ்.ஏ., ப்ளூ க்ராஸ் போன்ற அறக்கட்டளைகள் கை கொடுக்கும். மற்றவர்கள் சொந்தக் காசில்தான் பார்த்தாக வேண்டும். பெரிய நாய்க்கு முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் என்றால் நாலாயிரம், ஐயாயிரம் பவுண்ட் சர்வசாதாரணம், ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேனே இரண்டாயிரம், மூவாயிரம் வரும். இந்த விலைகள் ஏன் இப்படி ஏறின என்று இங்குள்ள போட்டி ஆணையம் (சி.எம்.ஏ.) விசாரணையே நடத்தியது. 2016க்கும் 2023க்கும் இடையில் வெட் (கால்நடை டாக்டர்) கட்டணங்கள் சராசரியாக 63 சதவீதம் ஏறிவிட்டன என்று 2025 அக்டோபரில் சொன்னது. 2013ல் பத்தில் ஒரு க்ளினிக்தான் பெரிய குழுமங்களின் கையில் இருந்தது, இப்போது கிட்டத்தட்ட பத்தில் ஆறு. பில் ஏறினால் பிரீமியம் ஏறும், அதன்மேல் அரசு 12 சதவீத வரி வேறு போடும்.

நான்கு வகை, நான்கு முடிவு

விலை ஒப்பிடும் தளத்தில் போய் நாயின் பெயர், வயது, இனம் எல்லாம் போட்டால் மாதம் 8 பவுண்டில் தொடங்கி 80 வரை வரிசையாக வரும். எல்லாமே ஒரே சரக்கு, கடைதான் வேறு என்று தோன்றும். அப்படியில்லை, நான்கு வெவ்வேறு சரக்குகளை ஒரே தட்டில் கலந்து வைத்திருக்கிறார்கள்.

அடிமட்டத்தில் இருப்பது விபத்து மட்டும் பார்க்கும் பாலிசி. கார் மோதினால், கால் உடைந்தால், எதையாவது விழுங்கிவிட்டால் பணம் வரும். நோய் எதற்கும் வராது. (விழுங்குவது என்றதும் நம் வீட்டு விஷயம் ஒன்று: பாயசத்தில் போடும் உலர்திராட்சை நாய்க்கு விஷம், வெங்காயமும் அப்படித்தான். லில்லிப் பூவின் மகரந்தம் பட்ட உடம்பை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். விருந்து நாளில் சமையலறைக் கதவைச் சாத்தி வையுங்கள்.)

மற்ற மூன்றும் நோயையும் பார்க்கும், ஆனால் எவ்வளவு நாள், எவ்வளவு பணம் என்பதில்தான் தலைகீழ் வித்தியாசம். ஒரே நாயை வைத்துச் சொல்கிறேன். மூன்று வயது லாப்ரடார், தோல் அலர்ஜி, உள்ளங்காலை நக்கி நக்கிச் சிவக்க வைக்கிறது. குணமாகிற வியாதி இல்லை, மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாம், மாத்திரை, செக்கப் எல்லாம் சேர்த்து மாதம் 100 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம்.

காலவரை வைத்த பாலிசி என்றால், நோய் தொடங்கி 12 மாதம் வரை கம்பெனி கொடுக்கும். பதின்மூன்றாவது மாதம் அலர்ஜி அப்படியே இருக்கும், பாலிசி அந்த நோயைக் கைகழுவிவிடும். நோய்க்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைத்த பாலிசியில் மாதக் கணக்கு கிடையாது, பணக் கணக்கு உண்டு. அலர்ஜிக்கு 4,000 பவுண்ட் என்று இருந்தால், வருடத்துக்கு 1,200 போக மூன்று வருடம் நாலு மாதத்தில் பானை காலி. அப்போது நாய்க்கு ஆறேகால், ஆறரை வயதுதான், லாப்ரடார் பன்னிரண்டு வயது வரை இருக்கும். நாலாவதுதான் லைஃப்டைம். இதிலும் அதே 4,000 வரம்பு இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு வருடமும் ரினியூ செய்யும்போது பானை மறுபடி நிரம்பும். நாய் இருக்கிறவரை, நாம் விடாமல் கட்டுகிறவரை, அலர்ஜி மாத்திரைக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், குட்டிக்கு எடுப்பதாக இருந்தால் லைஃப்டைம், இல்லையென்றால் எடுக்காமலே இருக்கலாம். நடுவில் இருக்கும் இரண்டும் நோய் நம்மைப் பிடித்து உட்கார்ந்த பிறகு எழுந்து போய்விடுகிறவை. கையில் காசு இல்லாதபோது அவையாவது இருக்கட்டுமே என்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

லைஃப்டைமிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில பாலிசிகளில் வருடத்துக்கு மொத்தமாக இவ்வளவு என்று ஒரே பானை. சிலவற்றில் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனிப் பானை, எல்லாமே வருடா வருடம் நிரம்பும். 3,000 பவுண்ட் மொத்தம் என்று மலிவாக ஒன்றைப் பார்த்தால் நல்லதாகத்தான் தெரியும், ஜவ்வு ஆபரேஷன் ஒன்று வந்தால் அந்த வருடம் அதோடு சரி. குறைந்தது ஆறேழாயிரமாவது இருக்கட்டும் என்பேன். அப்புறம், லைஃப்டைம் என்பது பிரீமியம் ஏறாது என்ற வாக்குறுதி இல்லை. ஏறும். நன்றாகவே ஏறும்.

இன்னொரு சங்கதி, தொடர்ச்சி. பானை நிரம்புவது இடைவெளி விடாமல் ரினியூ செய்தால் மட்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் வங்கிக் கணக்கை மாற்றினார், டைரக்ட் டெபிட் திரும்பிவிட்டது, கம்பெனி அனுப்பிய மின்னஞ்சல்களைக் கவனிக்கவில்லை, பாலிசி ரத்து. மறுபடி எடுத்தபோது பூனையின் சர்க்கரை நோய் 'ஏற்கனவே இருந்த நோய்' ஆகிவிட்டது. பழைய கம்பெனிதான், அதே பூனைதான்.

நம் கையிலிருந்து போவது எவ்வளவு

எக்ஸஸ் என்பது ஒவ்வொரு க்ளைமிலும் முதலில் நாம் கட்டும் தொகை. இது பெரும்பாலும் ஒரு நோய்க்கு, ஒரு பாலிசி வருடத்துக்கு என்று கணக்கு. மணிக்குக் காதும் வயிறும் ஒரே வருடத்தில் கெட்டால் இரண்டு எக்ஸஸ். நோய் அடுத்த வருடத்துக்கும் நீண்டால் மறுபடி ஒன்று.

இதோடு நின்றால் பரவாயில்லை. நாய், பூனைக்கு எட்டு, ஒன்பது வயதைத் தாண்டியதும் பல பாலிசிகளில் சதவீதப் பங்கு ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 10 சதவீதம், 20 சதவீதம். 1,800 பவுண்ட் பில், 150 எக்ஸஸ், 20 சதவீதப் பங்கு என்றால், முதலில் 150 போய், மீதி 1,650ல் ஐந்தில் ஒரு பங்கு 330. மொத்தம் 480 நம் தலையில், 1,320 கம்பெனி கொடுக்கும். சில கம்பெனிகள் சதவீதத்தை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் எக்ஸஸைக் கழிக்கும், அங்கே நம் பங்கு 510. முப்பது பவுண்டுதானே என்று தோன்றும். கிழட்டுப் பூனைக்கு வருடத்தில் மூன்று க்ளைம் போடும்போது தெரியும்.

கொடுக்காதவை பற்றியும் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி, உண்ணி மருந்து, கருத்தடை ஆபரேஷன், குட்டி போடும் செலவு இதெல்லாம் வராது. தடுப்பூசியைத் தவறவிட்டு அந்த நோய் வந்தாலும் வராது. பல்லுக்குக் கொடுக்கும் பாலிசிகளும் வருடா வருடம் வெட்டிடம் பல்லைக் காட்டியிருக்க வேண்டும், அவர் செய்யச் சொன்னதைச் செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கும். 'பல் சுத்தம் செய்தால் நல்லது' என்று குறிப்பில் இருந்து நாம் செய்யாமல் விட்டிருந்தால் அங்கே க்ளைம் படுத்துவிடும்.

இரட்டை உறுப்பு விதி என்று ஒன்று உண்டு, புதிதாக எடுப்பவர்கள் யாருக்கும் தெரிவதில்லை. காது, கண், முழங்கால், இடுப்பு என ஜோடியாக இருக்கும் உறுப்புகளில் ஒன்றில் பிரச்சினை வந்தால், பல பாலிசிகள் மற்றதையும் ஒரே நோயாகத்தான் எண்ணும். இடது முழங்கால் ஜவ்வு போன நாயைப் புதுக் கம்பெனிக்குக் கொண்டு போனால் வலது முழங்காலுக்கும் கிடையாது. ஒரு கால் ஜவ்வு போன நாய்க்கு மற்றக் காலும் போவது ரொம்பவே வழக்கம் என்பதால்தான் கம்பெனிக்கு அந்த உஷார்.

அதனால் இனத்தைப் பார்த்து பாலிசியைப் படியுங்கள். பக், ஃப்ரெஞ்ச் புல்டாக் வைத்திருந்தால் மூச்சுக்குழாய் ஆபரேஷனுக்குத் தனி விதிவிலக்கு இருக்கிறதா என்று. டாக்ஸண்ட் என்றால் முதுகுத்தண்டு. கவலியர் என்றால் இதயம். லாப்ரடாருக்கு இடுப்பும் முழங்காலும். பூனைகளில் மெய்ன் கூனுக்கு இதயத்தசை தடிக்கும், பாரசீகப் பூனைக்கு சிறுநீரகத்தில் நீர்க்கட்டி. இனம் ஜாதகம் எதுவும் இல்லாத தெருப்பூனைக்கு இளமையில் ரோட்டு விபத்துதான் பெரிய செலவு, வயதானால் தைராய்டு, சிறுநீரகம், சர்க்கரை. கடுவன் பூனை என்றால் சிறுநீர் அடைப்பு. அது வந்தால் ஒரு ராத்திரிகூடத் தாங்காது, ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில்தான் வரும், அவசர க்ளினிக் கட்டணம் பகலைப்போல இருக்காது.

நாய்க்கு மட்டும் இன்னொரு பகுதி வரும்: நம் நாயால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதம். கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டில் ஓடி, சைக்கிள்காரர் விழுந்து கை உடைந்தால் வழக்கு நம்மேல் வரலாம். பூனையைச் சுற்றித் திரியும் ஜீவன் என்று சட்டமே பொதுவாக ஒத்துக்கொண்டுவிட்டதால் பூனைப் பாலிசியில் இது இருக்காது. எக்ஸ்.எல். புல்லி போன்ற தடை செய்யப்பட்ட வகை நாய்களை விலக்குச் சான்றோடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது சட்டப்படி கட்டாயம். மற்ற நாய்களுக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் இல்லாமல் இருக்காதீர்கள். முழு இன்சூரன்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்தாலும், டாக்ஸ் டிரஸ்ட் என்ற நாய்நல அமைப்பில் உறுப்பினரானால் இந்தப் பாதுகாப்பு மட்டும் மலிவாகக் கிடைக்கும்.

இன்சூரன்ஸே வேண்டாம், மாதம் 40 பவுண்டைத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன் என்பார்கள். பெரிய வேலையில் இருந்து, ஐந்தாறாயிரம் பவுண்ட் சும்மா கிடக்கிறது என்றால் அது நல்ல யோசனைதான். இல்லையென்றால் எட்டாவது மாதம் ஜவ்வு கிழியும்போது கணக்கில் 320 பவுண்ட் இருக்கும்.

குட்டி வந்த முதல் மாதம்

வளர்ப்பவரிடமோ காப்பகத்திலோ குட்டியை வாங்கும்போது நாலைந்து வாரத்துக்கு இலவச இன்சூரன்ஸ் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். நல்லதுதான், ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நாலு வாரத்தில் குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்து வெட்டிடம் போனால், பிறகு வேறு கம்பெனியில் எடுக்கும்போது வயிறு சம்பந்தப்பட்டது எதுவும் ஏற்கனவே இருந்ததாகிவிடும். ஆகவே குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே எந்தப் பாலிசி என்று தீர்மானித்துவிடுங்கள், வந்த வாரமே தொடங்குங்கள். புதுப் பாலிசியில் நோய்க்குப் பெரும்பாலும் 14 நாள் காத்திருப்பு உண்டு, விபத்துக்கு இரண்டிலிருந்து ஐந்து நாள். அந்த இடைவெளியை இலவசத் தாள் அடைத்துக்கொள்ளும்.

எது நல்ல பாலிசி என்று வெட்டைக் கேட்டால் நழுவுவார். ஒளிக்கிறார் என்று நினைக்காதீர்கள், உரிய அனுமதி இல்லாமல் ஒரு குறிப்பிட்ட பாலிசியைப் பரிந்துரைக்க அவருக்கு இங்கே இடமில்லை. அதற்குப் பதிலாக வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம், "எந்தக் கம்பெனிகளுக்கு நீங்களே நேரடியாகப் பில்லை அனுப்புகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரிய ஆபரேஷன் சமயத்தில் நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகு காத்திருக்க வேண்டுமா, எக்ஸஸ் மட்டும் கட்டினால் போதுமா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

மாறுவதா, இருப்பதா

இல்ஃபோர்டில் இருக்கும் தோழி ஒருத்தி போன குளிர்காலத்தில் ரினியூவல் கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இட்லிப்பொடி பாட்டிலை நகர்த்திவிட்டு மேசையில் விரித்துப் பார்த்தோம். மேலே போன வருடம் கட்டியது 31.40, இந்த வருடம் 47.85, மாதத்துக்கு. (போன வருடத் தொகையைப் பக்கத்திலேயே அச்சடிக்க வேண்டும் என்பது 2017 ஏப்ரலில் வந்த விதி, அதற்கு முன்னால் பழைய தாளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.) பூனை க்ளைமே போடாத வருடம் அது. "இவ்வளவு நாளாக இருக்கிறவளிடமே ஏற்றுகிறார்களே, அதைத் தடை செய்துவிட்டதாகச் சொன்னார்களே" என்றாள். தடை செய்தது உண்மை. 2022 ஜனவரி 1 முதல் பழைய வாடிக்கையாளருக்குப் புதியவரைவிட அதிக விலை போடக்கூடாது என்று நிதி நடத்தை ஆணையம் விதி கொண்டுவந்தது, ஆனால் அது வீட்டுக்கும் வாகனத்துக்கும்தான். நாய், பூனைக்கு இல்லை. தானாக ரினியூ ஆவதை நிறுத்தும் உரிமை மட்டும் நமக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அவளுடைய பூனைக்குப் பதினொரு வயது, இரண்டு வருடமாகத் தைராய்டு மாத்திரை. லைஃப்டைம் பாலிசி. வெளியே அதே வரம்புக்கு மாதம் 29க்கு ஒன்று கிடைத்தது, தைராய்டைக் கழித்துவிட்டு. தைராய்டு மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் மாதம் 50க்கு மேல் போகிறது. பத்தொன்பது பவுண்ட் மிச்சம் பிடிக்க ஐம்பதை விட வேண்டுமா? அதோடு தைராய்டு இதயத்தையும் இழுக்கும். நாளைக்கு இதயத்தில் ஏதாவது வந்தால் அதுவும் தைராய்டின் தொடர்ச்சிதான் என்று புதுக் கம்பெனி சொல்லும். இருக்கச் சொன்னோம். இருந்தாள். ஆனால் போன் போட்டு எக்ஸஸை உயர்த்தி 41க்கு இறக்கினாள். வரம்பைக் குறைத்தும் இறக்கலாம் என்றார்கள், அது வேண்டாம் என்றோம். ஒருமுறை குறைத்துவிட்டு பிறகு ஏற்றினால், ஏற்றிய பகுதி ஏற்கனவே உள்ள நோய்களுக்குப் பொருந்தாது.

இதிலிருந்து பொதுவான கணக்கு ஒன்று வருகிறது. லைஃப்டைம் பாலிசியில் தீராத நோயோடு இருந்தால் அசையாதீர்கள். குறிப்பில் எதுவுமே இல்லாத இளம் நாய், பூனை என்றால் தாராளமாக மாறலாம், மட்டமான பாலிசியிலிருந்து நல்லதுக்கு மாற அதைவிட நல்ல காலம் வராது. இடையில் ஒரு வேடிக்கையான நிலை உண்டு: காலவரை பாலிசியில் இருந்து, 12 மாதமும் முடிந்து, அந்த நோயைக் கம்பெனி ஏற்கனவே கைகழுவிவிட்டது. அங்கே விசுவாசம் காட்ட ஒன்றுமே இல்லை. அந்த நோய்க்கு இங்கேயும் கிடையாது, அங்கேயும் கிடையாது, மற்ற நோய்களுக்காவது லைஃப்டைமாக மாறிவிடுவது உத்தமம். நோய் வந்த பிறகு மாறவே கூடாது என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு இந்த நிலையில் இருப்பவர்களும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். ஒன்று மட்டும், எட்டு, பத்து வயதுக்கு மேல் புதிதாகச் சேர்க்காத கம்பெனிகள் உண்டு, அதனால் வயது ஏறும் முன் யோசியுங்கள்.

மாறத் தீர்மானித்தால் முதல் வேலை, க்ளினிக்கில் மருத்துவக் குறிப்பு முழுவதையும் கேட்டு வாங்கிப் படிப்பது. மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். நாம் மறந்துபோன சொறிச்சல், ஒருநாள் வாந்தி, 'லேசாக நொண்டுகிறது' எல்லாம் தேதியோடு அங்கே இருக்கும். தப்பாக எழுதியிருந்தால், இடதுக்கு வலது என்று போட்டிருந்தால், இப்போதே திருத்தச் சொல்லுங்கள். க்ளைம் மறுத்த பிறகு திருத்தினால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தக் குறிப்பைப் புதுக் கம்பெனிக்கு முன்கூட்டியே அனுப்பி, எதையெல்லாம் விலக்குவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். செய்ய மாட்டோம், க்ளைம் வரும்போதுதான் பார்ப்போம் என்று சொல்லும் கம்பெனியை நான் விட்டுவிடுவேன். மறைத்துப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கேட்ட கேள்விக்குப் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும் என்று 2012ல் சட்டமே வந்துவிட்டது, வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் முழுப் பாலிசியும் செல்லாது.

இரண்டாவது, தேதி. பழையது 31ஆம் தேதி முடிகிறது என்றால் புதியதை 16ஆம் தேதியே தொடங்கிவிடுங்கள், 14 நாள் காத்திருப்பு பழையதன் நிழலிலேயே கழியும். அரை மாதம் இரண்டு பிரீமியம் கட்டுவது வயிற்றெரிச்சல்தான். ஆனால் அந்த இரண்டு வாரத்துக்குள் நாய் நொண்ட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: புதுக் கம்பெனி கொடுக்காது, பழையது 31 வரைதான் கொடுக்கும், அதன்பின் அந்தக் காலுக்கு யாருமே இல்லை. அப்படி நடந்தால் புதியதை ரத்து செய்துவிட்டு (முதல் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம்) பழையதையே ரினியூ செய்ய வேண்டும். அதனால்தான் பழையதை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடச் சொல்கிறேன். வருட நடுவில் மாறுவதும் தொல்லை. அந்த வருடம் க்ளைம் போட்டிருந்தால் மீதி மாதங்களின் பிரீமியத்தையும் கேட்பார்கள்.

விலக்கு என்று போட்டுவிட்டால் ஆயுளுக்கும் விலக்கு என்றில்லை. அறிகுறி, மருந்து, ஆலோசனை எதுவும் இல்லாமல் இரண்டு வருடம் கடந்தால் அந்த நோயை மறுபடி ஏற்றுக்கொள்ளும் பாலிசிகள் இருக்கின்றன. சில கம்பெனிகள் ஒருபோதும் ஏற்காது. வாங்கும் முன் பார்க்க வேண்டிய வரிகளில் இதுவும் ஒன்று.

க்ளைமை மறுத்தால் முதலில் கம்பெனியிடமே புகார், எட்டு வாரம் அவர்களுக்கு அவகாசம். திருப்தி இல்லையென்றால் நிதிக் குறைதீர்ப்பாயத்துக்கு இலவசமாகப் போகலாம், கம்பெனியின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள். வெட்டிடம் ஒரு கடிதம் வாங்கினால் பாதி வேலை முடிந்தது: அன்று பார்த்தது வெறும் அழுக்கு, இன்று வந்திருப்பது கிருமித் தொற்று, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று. எனக்கு இதெல்லாம் தெரிந்தபோது ஆறு மாதம் தாண்டிவிட்டது. கோபத்தில் புகார் எழுதிவிட்டு, வந்த பதிலை டிராயரில் போட்டுவிட்டு, 640 பவுண்டையும் கட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மணி அந்தக் கம்பெனியிலேயேதான் இருக்கிறான். இரண்டு காதும் விலக்கு. கடைசியாகக் காதுக்கு மருந்து போட்டது போன வருடம் மார்ச்சில், வரும் மார்ச்சோடு இரண்டு வருடம் ஆகிறது, இந்தப் பாலிசியில் அந்த வரி இருக்கிறது, பார்த்துவிட்டேன். அதுவரை குளிப்பாட்டியதும் பஞ்சால் காதைத் துடைக்கிறேன், அவன் ஓடிப்போய் சோபாவுக்கு அடியில் படுத்துக்கொள்கிறான்.